ஐந்தாம் மாடியும் கடைசி ஸ்டாப்பும்

ஜனவரி 9

அண்ணனுக்கு,

இங்கே நலம். நீயும் நலமாகத்தான் இருப்பாய், உன் புறநகர்க் காற்று அப்படி என்று நீயே ஆயிரம் தடவை சொல்லியிருக்கிறாய். அண்ணியைக் கேட்டதாகச் சொல்.

போனில் உன் நம்பரைத் தடுத்து வைத்திருப்பது உனக்குத் தெரியும். பேசினால் இரண்டாவது வாக்கியத்தில் நீ கத்துகிறாய், மூன்றாவதில் நான் வைத்துவிடுகிறேன். கடிதத்தில் அந்த வசதி இல்லை. கடைசி வரை படித்துத்தான் ஆக வேண்டும். படி.

எங்கள் கட்டிடத்து லிஃப்ட் நின்றுபோய்விட்டது. புது வருஷம் பிறப்பதற்கு முன்பே நின்றது. ஒருநாள் வேலை முடிந்து வந்தால், கீழே கதவில் குறுக்காக ஒரு சிவப்புப் பட்டை ஒட்டியிருக்கிறது. யார் ஒட்டினார்கள், எதற்கு ஒட்டினார்கள் என்று கேட்டால் வீட்டுக்காரர் தோளைக் குலுக்குகிறார். "கம்பெனிக்காரங்க வந்து நிறுத்திட்டாங்கம்மா, நான் என்ன பண்றது?" என்கிறார். கம்பெனி என்றால் நீ மெக்கானிக்காக இருக்கிற உன் கம்பெனி. ஊரில் உள்ள லிஃப்டையெல்லாம் நீ ஓட வைக்கிறாய். உன்னைப் பெற்றவள் ஐந்தாம் மாடியில் உட்கார்ந்திருக்கிறாள்.

முப்பது வருஷம் துணிக்கடையில் நின்றே வேலை பார்த்து அவளுடைய முட்டி இரண்டும் என்ன கதியில் இருக்கிறது என்று நான் சொல்லத் தேவையில்லை. ஆனால் தினமும் காலையில் கீழே இறங்கி, வாசலில் சாவி வெட்டும் கடையில் ஒரு ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து, போகிறவர் வருகிறவர் எல்லோரிடமும் வம்பளந்துவிட்டு மத்தியானம்தான் மேலே வருவாள். அதுதான் அவளுக்குச் சாப்பாடு. இப்போது பால்கனியில் நின்று கயிற்றில் கூடையை இறக்குகிறாள். சாவிக்காரர் அதில் ரொட்டியும் பேப்பரும் வைத்து அனுப்புகிறார். நேற்று அம்மா கூடையை இறக்கிவிட்டுக் கீழே பார்த்துக் கத்தினாள்: "ஏம்ப்பா, கூடைய மட்டும்தான் இறக்கணுமா, என்னையும் இறக்கேன்!" தெருவே சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை.

உன் பேட்டைக்கு நான் தினம் மூன்று நடை பஸ் ஓட்டிக்கொண்டு வருகிறேன். கடைசி ஸ்டாப்பில் வண்டியைத் திருப்பும்போது உன் தெரு முனை கண்ணாடியில் தெரிகிறது. உன் வாசலை மிதிக்க மாட்டேன் என்று நீ குடிபோன அன்று சொன்னேன், அந்த வார்த்தையில் நிற்கிறேன். வந்து லிஃப்டைச் சரிசெய். அதற்கு என்னோடு பேச வேண்டியதில்லை.

உன் தங்கை

*

ஜனவரி 23

அன்புள்ள பாப்பா,

இங்கு நானும் அண்ணியும் சுகம். நீயும் அம்மாவும் உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். குளிரில் அம்மாவுக்கு முட்டி அதிகமாக வலிக்கும், வெந்நீர் ஒத்தடம் கொடு.

உன் கடிதம் வந்தது. பதில் எழுதத் தாமதமானதற்குக் காரணம், முதல் தடவை எழுதியதைக் கிழித்துப் போட்டேன். உன் மாதிரி எழுதியிருந்தேன்.

லிஃப்ட் என்பது வீட்டுக்காரரின் சொத்து. அவர் ஒப்புதல் கொடுத்து, புது உதிரிப் பாகம் வரவழைத்து, கம்பெனி ஆள் அனுப்பி, அப்புறம்தான் வேலை நடக்கும். நானாக ஒரு திருப்புளியைத் தூக்கிக்கொண்டு வந்து நோண்ட முடியாது. நீ உன் பஸ்ஸை நினைத்த தெருவில் ஓட்டுவாயா? அது மாதிரிதான்.

ஆனால் ஒன்று கேட்கிறேன், கோபப்படாமல் யோசி. இந்த லிஃப்ட் சரியானாலும் அடுத்த வருஷம் இன்னொன்று பழுதாகும். அந்தக் கட்டிடத்தின் வயது நம் அம்மாவின் வயது. இங்கே ஒரு படிகூட இல்லை. வாசலிலிருந்து படுக்கை வரைக்கும் சமதரை. அவளுக்காகப் பின்பக்க அறைக்குப் புதிதாக வண்ணம் அடித்து, குளியலறைச் சுவரில் பிடித்துக்கொள்ளக் கைப்பிடி போட்டிருக்கிறேன். நானே துளை போட்டு நானே முடுக்கினேன், யானை தொங்கினாலும் அசையாது. ஜன்னலைத் திறந்தால் புல்வெளி. ஹாரன் சத்தம் இல்லை, புகை இல்லை. அம்மாவை இங்கே அனுப்பு. நானே காரில் வந்து கூட்டிக்கொள்கிறேன்.

அன்புடன், அண்ணன்

*

ஜனவரி 27

அண்ணனுக்கு,

நலம். நலமா என்று முறைக்குக் கேட்கிறேன்.

முதலில், பாப்பா என்று எழுதாதே. நாற்பது வயதில் ஐம்பது பேரைப் பின்னால் வைத்துக்கொண்டு இந்த ஊர் நெரிசலில் வண்டி ஓட்டுகிறேன். பாப்பாவாம் பாப்பா.

உன் புல்வெளியைப் பற்றி எனக்குச் சொல்லாதே. உன் பேட்டையை நான் உன்னைவிட நன்றாகப் பார்க்கிறேன், ஏனென்றால் நீ அங்கே கண்ணாடி ஏற்றிய காரில் போகிறாய், நான் உயரத்தில் உட்கார்ந்து பார்க்கிறேன். பகலில் அந்தத் தெருக்களில் ஒரு ஈ காக்கை கிடையாது. எல்லா வீட்டுக்கும் கேட், எல்லா கேட்டுக்கும் பூட்டு. ஒரு தீப்பெட்டி வாங்கக்கூட வண்டி எடுக்க வேண்டும். கடைசி ஸ்டாப்பில் நானும் கண்டக்டரும் டீ குடிக்கலாம் என்றால் ஒரு கடை இல்லை, பிளாஸ்கில் கொண்டுபோகிறோம். நேற்று ஒரு வயதான மனுஷர் ஸ்டாப்பில் உட்கார்ந்திருந்தார். "ஏறுங்க ஐயா, வண்டி கிளம்புது" என்றேன். "நான் எங்கயும் போகலம்மா. ஆள் பார்க்க வந்தேன்" என்றார். பஸ்ஸைப் பார்க்க வந்திருக்கிறார்! அந்த மாதிரி அம்மாவையும் ஸ்டாப்பில் உட்கார வைக்கப் போகிறாயா?

உன் கடிதத்தை அம்மாவிடம் படித்துக் காட்டினேன். "அங்க நான் யார்கூட சண்ட போடுவேன்?" என்று கேட்டாள். அவ்வளவுதான் பதில்.

நானும் கூட வரலாமே என்று ஆரம்பிக்காதே. என் முதல் வண்டி விடிவதற்கு முன்னால் டிப்போவை விட்டுக் கிளம்புகிறது. உன் பேட்டையிலிருந்து அந்த நேரத்துக்கு டிப்போவுக்கு வர எந்த பஸ்ஸும் கிடையாது. அந்த முதல் பஸ்ஸை ஓட்டுகிறவளே நான்தான்.

வீட்டுக்காரர் ஒப்புதல் கொடுத்துவிட்டதாகச் சொல்கிறார். உன் கம்பெனிதான் ஆளை அனுப்பவில்லையாம். யார் காதில் பூச்சுற்றுகிறாய்?

தங்கை

*

பிப்ரவரி 6

தங்கைக்கு,

இங்கு சுகம். அம்மாவின் உடல்நிலையை எழுது, உன் கோபத்தின் நிலையை எழுத வேண்டாம்.

நீ பூசி மெழுகியது போதும். நானே சொல்லிவிடுகிறேன். அந்த வீடு அம்மா பெயரில் இருக்கிறது. அப்பா இருந்த காலத்து வாடகை. அம்மா அங்கே குடியிருக்கிற வரைக்கும்தான் அந்த வாடகை, அந்த வீடு. அவள் பெட்டியைக் கட்டினால் அடுத்த நாளே வீட்டுக்காரர் பூட்டைத் தூக்கிக்கொண்டு வருவார், நீ தெருவில் நிற்பாய். இது உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும், வீட்டுக்காரருக்கும் தெரியும். அம்மாவுக்குத் தெரியாது என்று நினைத்துக்கொண்டிருக்கிறாயா?

அம்மாவுக்குத் தெரு வேண்டும், வம்பு வேண்டும், ஸ்டூல் வேண்டும் என்று பக்கம் பக்கமாக எழுதுகிறாய். எந்தத் தெரு? அவள்தான் ஒரு மாதத்துக்கு மேலாகத் தெருவையே மிதிக்கவில்லையே! அவளை வைத்துக்கொண்டிருப்பது அவளுக்காக இல்லை. உன் கதவுக்கு நீ போட்ட பூட்டு அவள்.

அண்ணன்

*

பிப்ரவரி 27

அண்ணனுக்கு,

அம்மா நலம். பசி கொஞ்சம் குறைவு. காலையில் பால்கனியில் நாற்காலி போட்டு உட்கார்ந்தால் எழுந்திருப்பதில்லை. முன்பு கீழே பார்த்து ஏதாவது கத்துவாள். இப்போது சும்மா பார்க்கிறாள்.

உன் கடிதத்துக்கு உடனே பதில் எழுத உட்கார்ந்தேன். பேனா தாளைக் கிழித்தது. அந்த ஆத்திரத்தில் எழுதினால் எழுத்து கெட்டுப்போகும், உனக்கு என் எழுத்தைக் கேலி செய்ய இன்னொரு சாக்கு கிடைக்கும் என்று விட்டுவிட்டேன்.

ஆமாம், வீடு அம்மா பெயரில்தான். ஆமாம், அவள் போனால் எனக்கு இடம் இல்லை. அதை நான் எழுதவில்லை, மென்று முழுங்கினேன். சரி. ஆனால் அப்பா படுக்கையில் கிடந்த காலத்தில் இந்த ஐந்து மாடியையும் ஏறி இறங்கியவள் யார்? நீ கல்யாணம் ஆனதும் தனிக்குடித்தனம் போனாய், அப்புறம் வீடு வாங்கினாய், அப்புறம் கார் வாங்கினாய். ஒவ்வொரு தடவையும் நகரத்தை விட்டு இன்னும் கொஞ்சம் தள்ளிப் போனாய். நான் நின்ற இடத்திலேயே நின்றேன். நின்றவளைப் பார்த்து, நீ பூட்டு போட்டிருக்கிறாய் என்கிறாய். நாக்கு கூசவில்லையா உனக்கு?

இன்னொன்று. எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன், நீ எழுத வைத்துவிட்டாய். திங்கட்கிழமை உன் கடைசி ஸ்டாப்பில் என் முதல் நடையில் அண்ணி ஏறினாள். கையில் பெரிய பெட்டி. என்னைப் பார்த்ததும் தலையைக் குனிந்துகொண்டாள். நடு ஊரில், அவள் ஆபீஸ் தெருவில் இறங்கினாள். வெள்ளிக்கிழமை சாயங்காலம் அதே பெட்டியோடு திரும்ப ஏறினாள். அடுத்த திங்கட்கிழமையும் பெட்டி. "நானும் அண்ணியும் சுகம்" என்று எழுதினாய். போன கடிதத்தில் வெறும் "சுகம்". நான் கவனித்தேன்.

அந்தப் பின்பக்க அறைக்கு வண்ணம் அடித்தது அம்மாவுக்காகத்தானா? இல்லை, வீட்டில் ஒரு ஆள் குரல் வேண்டும் என்று அடித்தாயா?

தங்கை

*

மார்ச் 20

தங்கைக்கு,

அம்மா சரியாகச் சாப்பிடவில்லை என்றால் டாக்டரிடம் சொல். நான் நன்றாக இருக்கிறேன்.

அண்ணி வாரநாட்களில் ஆபீஸ் பக்கத்தில் ஒரு தோழியுடன் அறை எடுத்துத் தங்குகிறாள். போகவர நாளில் பாதி பஸ்ஸிலேயே கழிகிறதாம். உன் பஸ்தான். அதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை. நிறையப் பேர் அப்படித்தான் இருக்கிறார்கள்.

இந்த வீட்டை வாங்க அவள்தான் முதலில் ஆசைப்பட்டாள். அதையும் எழுதிவிடுகிறேன், நீ அடுத்து அதைத்தான் கேட்பாய்.

சாயங்காலம் வந்து விளக்கைப் போட்டால் எல்லா அறையும் வைத்தது வைத்தபடி இருக்கிறது. தம்ளர்கூட இடம் மாறியிருக்காது. டிவியைச் சத்தமாக வைக்கிறேன். நீ ஜெயித்துவிட்டதாக நினைக்காதே. எனக்கு அம்மா வேண்டும் என்பதால் அவள் அங்கே ஐந்தாம் மாடியில் நன்றாக இருக்கிறாள் என்று ஆகிவிடாது.

லிஃப்டைப் பற்றிக் கேட்காதே. வேலை வரிசையில் இருக்கிறது.

அண்ணன்

*

ஏப்ரல் 4

நலம் விசாரிக்கும் நிலையில் நான் இல்லை.

வியாழக்கிழமை நான் வேலைக்குப் போன பிறகு அம்மா கதவைத் திறந்து தானாகவே கீழே இறங்கியிருக்கிறாள். நடந்து இல்லை. படியில் உட்கார்ந்து, ஒவ்வொரு படியாக உட்கார்ந்தே நகர்ந்திருக்கிறாள். மூன்றாம் மாடித் திருப்பம் வரைக்கும் வந்தாள். அங்கே இடுப்பு பிடித்துக்கொண்டது. மேலேயும் போக முடியவில்லை, கீழேயும் போக முடியவில்லை. அந்த மாடியில் இருப்பவர்கள் எல்லோரும் வேலைக்குப் போய்விட்டார்கள். அவள் யாரையும் கூப்பிடவும் இல்லை. நான் திரும்பி வந்தபோது சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். புடவை முழுக்கப் படியின் புழுதி. முழங்கை இரண்டும் தோல் உரிந்திருந்தது. என்னைப் பார்த்து, "வந்துட்டியா" என்றாள், ஏதோ நான் தாமதமாக வந்தது மாதிரி.

நான் ஓடிப்போய்ச் சாவிக்காரரைக் கூட்டி வந்தேன். பக்கத்துக் கட்டிடத்தில் லிஃப்ட் வேலை பார்த்துக்கொண்டிருந்த ஒரு மெக்கானிக்கும் ஓடி வந்தார். மேல்சட்டையில் உன் கம்பெனியின் பெயர். அம்மாவை நாற்காலியில் வைத்தோம். "மேலே தூக்கலாமா அம்மா?" என்று கேட்டார். "கீழ" என்றாள். "வலிக்குமேம்மா, மேலே இரண்டு மாடிதானே." "கீழன்னு சொன்னேன்." கீழேதான் கொண்டுபோனோம். சாவிக்காரர் மனைவி கடைக்குப் பின்னால் உள்ள அறையில் பாய் விரித்துக் கொடுத்தாள். இரண்டு நாள் இருக்கட்டும் என்று விட்டிருக்கிறேன்.

இப்போது கேள். நாற்காலியை இறக்கி வைத்துவிட்டு, மூச்சு வாங்கிக்கொண்டே அந்த மெக்கானிக்கிடம் கேட்டேன், பக்கத்துக் கட்டிடம் வரைக்கும் வருகிறீர்களே, இதைச் சரிசெய்ய ஏன் யாரும் வருவதில்லை என்று. அவர் நல்ல மனுஷர், பாவம். நான் உன் தங்கை என்று தெரியாமல் சொன்னார்:

"இதயா? இத நிறுத்துனதே எங்க சீனியர்தான்மா. புது பாகம் வந்து ரொம்ப நாளாச்சு, ஸ்டோர்ல அவர் அலமாரியிலதான் கெடக்கு. இந்தக் கட்டிடத்த வேற யாரும் தொடக்கூடாது, நானே போய்ப் பார்த்துக்கறேன்னு சொல்லி வச்சிருக்காரு."

சீனியர்! அங்கே சீனியர் என்றால் நீதான். அந்தச் சிவப்புப் பட்டையை ஒட்டியது நீ. வாசல் வரைக்கும் வந்து, லிஃப்டை நிறுத்தி, பட்டையை ஒட்டி, மேலே நிமிர்ந்துகூடப் பார்க்காமல் போயிருக்கிறாய். அப்புறம் எனக்குக் கடிதம் எழுதினாய், அது வீட்டுக்காரரின் சொத்து என்று. கைப்பிடியில் யானை தொங்கலாம் என்று. அவளை மேலே அடைத்து வைத்து, அலுத்துப்போய் உன்னிடம் வரட்டும் என்று காத்திருந்தாய். பெற்ற தாயைப் பட்டினி போட்டு வழிக்குக் கொண்டுவருகிற மாதிரி!

அந்த மனுஷர் சொன்னபோது அம்மாவும் அங்கேதான் இருந்தாள். அவளுடைய காதில் விழுந்தது. அவளுக்குக் காது நன்றாகவே கேட்கும்.

*

ஏப்ரல் 11

தங்கைக்கு,

அம்மாவின் முழங்கை எப்படி இருக்கிறது? இடுப்புக்குப் படம் எடுத்துப் பார்த்தீர்களா?

நான் சொல்வதை முழுதாகப் படித்துவிட்டு அப்புறம் திட்டு. டிசம்பரில் அந்த லிஃப்டைச் சோதித்தபோது பிரேக் தேய்ந்திருந்தது. நிற்க வேண்டிய மாடியில் நிற்காமல் ஒரு முழம் சறுக்கி நின்றது. இன்னும் ஒரு மாதம் ஓடவிட்டிருந்தால் யாராவது செத்திருப்பார்கள். தினமும் அதில் ஏறி இறங்கியது அம்மா. நிறுத்தினேன். வேறு யார் வீடாக இருந்தாலும் நிறுத்தியிருப்பேன். அதற்கு நான் யார் காலிலும் விழ மாட்டேன்.

மேலே வந்து சொல்லியிருக்கலாம். நீ டூட்டி முடிந்து வருகிற நேரம் என்று தெரிந்து, அதற்கு முன்னால் கிளம்பிவிட்டேன்.

பாகம் பிப்ரவரியில் வந்தது. அன்றைக்கே வரத்தான் இருந்தேன். அன்று வெள்ளிக்கிழமை. அண்ணி அந்த வாரம் வர முடியாது என்று போன் செய்தாள். அலமாரியில் வைத்துப் பூட்டினேன். திங்கட்கிழமை பார்க்கலாம் என்று நினைத்தேன். அந்தத் திங்கட்கிழமை இன்று வரைக்கும் வரவில்லை. 

ஞாயிற்றுக்கிழமை வருகிறேன். என் முகத்தைப் பார்க்கப் பிடிக்கவில்லை என்றால் டூட்டி மாற்றிக்கொண்டு போய்விடு.

அண்ணன்

*

ஏப்ரல் 20

தங்கைக்கு,

சுகமா என்று கேட்டு உன்னைச் சிரமப்படுத்தவில்லை.

நீ உண்மையாகவே டூட்டி மாற்றிக்கொண்டு போய்விட்டாய். நல்லது. லிஃப்டைச் சரிசெய்துவிட்டேன். காலையில் ஆரம்பித்துச் சாயங்காலம் முடித்தேன். காலியாக ஓட்டிப் பார்த்தேன், மணல் மூட்டை ஏற்றி ஓட்டிப் பார்த்தேன், நானே ஏறி இறங்கினேன். ஒவ்வொரு மாடியிலும் தரையோடு தரையாக நிற்கிறது. பட்டையைக் கிழித்து என் பையில் போட்டுக்கொண்டேன்.

அப்புறம் அம்மாவைக் கூப்பிடப் போனேன். சாவிக்காரர் கடையில் அதே ஸ்டூலில் உட்கார்ந்திருந்தாள். ஒரு வாடிக்கையாளரோடு ஏதோ தகராறு. என்னைப் பார்த்தாள். "சரி பண்ணிட்டேன்மா, வா மேலே போகலாம்" என்றேன். "வேல முடிஞ்சா கையக் கழுவிட்டுக் கெளம்பு" என்றாள். அவ்வளவுதான். திரும்பி அந்த ஆளிடம், "நீங்க சொல்லுங்க, எந்தக் கதவுக்குச் சாவி?" என்று ஆரம்பித்துவிட்டாள்.

நான் அங்கேயே நின்றுகொண்டிருந்தேன். சாவிக்காரர்தான் பாவப்பட்டு என்னை ஓரமாகக் கூட்டிப்போய் டீ வாங்கிக் கொடுத்தார். கொடுத்துவிட்டுச் சொன்னார்:

"கோவிச்சுக்காதீங்க தம்பி. லிஃப்ட் நின்ன வாரமே உங்க தங்கச்சிகிட்ட சொன்னேன். பின்னால அறை சும்மாத்தான் கெடக்கு, அம்மா இங்கயே இருக்கட்டும், என் வீட்டுக்காரியும் பார்த்துக்குவான்னு. அம்மாவுக்கு அதுல இஷ்டம் இல்லன்னு சொல்லிட்டாங்க. நேத்துதான் அம்மாகிட்டயே கேட்டேன், ஏம்மா அப்பவே வந்திருக்கலாமேன்னு. எப்பவேன்னு கேட்டாங்க. அவங்களுக்கு விஷயமே தெரியல தம்பி."

என்னைப் பார்த்து என்னென்ன எழுதினாய்! பெற்ற தாயைப் பட்டினி போட்டேனாம். டிசம்பரிலேயே அவளுக்குத் தரையில் ஓர் அறை இருந்தது. படியே இல்லாமல் தெருவுக்குப் போகலாம். ஸ்டூலிலிருந்து பத்தடி. நீ வாயைத் திறக்கவில்லை. அவள் கீழே குடியிருப்பது தெரிந்தால் வீட்டுக்காரர் மேல் வீட்டைக் கேட்பார், அதுதானே? நான் இரும்பை நிறுத்தினேன். நீ அவளுக்கு வந்த வழியையே மறைத்தாய். அவள் படியில் உட்கார்ந்து இறங்கியபோது தோல் உரிந்ததில் பாதி உன் கணக்கு.

அண்ணன்

*

ஏப்ரல் 29

அண்ணனுக்கு,

உடம்பு நலம். மற்றதைக் கேட்காதே.

ஆமாம். சாவிக்காரர் சொன்னார். நான் மறைத்தேன். ஒரு வாரம் போகட்டும், லிஃப்ட் சரியாகிவிடும் என்று நினைத்தேன். அடுத்த வாரமும் அதையே நினைத்தேன். உன் திங்கட்கிழமை மாதிரி எனக்கும் ஒரு அடுத்த வாரம் இருந்தது. நீ பாகத்தை மட்டும் கொண்டுவந்திருந்தால் என் பொய்க்கு வேலையே இருந்திருக்காது, அதை மறந்துவிடாதே. பாதி கணக்காம். நீ பங்கு பிரிக்க வராதே, எனக்கு வருகிற ஆத்திரத்தில் என் பங்கையும் சேர்த்து உன் தலையிலேயே கொட்டுவேன்.

அம்மா என்னோடும் பேசுவதில்லை. தினமும் வேலை முடிந்து கடைக்குப் போகிறேன். "மேல என் தலகாணி இருக்கு, கொண்டா" என்கிறாள். அடுத்த நாள் கண்ணாடி. அடுத்த நாள் அப்பா படம். அந்த நல்ல லிஃப்டில் ஒவ்வொரு சாமானாக நானே கீழே இறக்குகிறேன். ஒவ்வொரு மாடியிலும் தரையோடு தரையாகத்தான் நிற்கிறது, நீ சொன்னது சரி. நேற்று அவளுடைய பீரோத் துணியை எல்லாம் கேட்டாள். மேலே இப்போது என் சாமான் மட்டும்தான் இருக்கிறது. உன் வீட்டுத் தம்ளர் மாதிரி என் தம்ளரும் இப்போது வைத்த இடத்தில் இருக்கிறது.

இதற்கெல்லாம் காரணம் நீதான். எழுதி முடிக்கும்போது அதையும் எழுதிவிட்டால்தான் எனக்குத் தூக்கம் வரும்.

தங்கை

*

மே 5

என் மகனுக்கும் என் மகளுக்கும்,

நான் நலம். முழங்கை ஆறிவிட்டது. இடுப்பு இன்னும் பிடிக்கிறது. நீங்கள் இருவரும் சாப்பிடுகிறீர்களா என்று கேட்க வேண்டும் என்றுதான் ஆசை, ஆனால் கோபத்தில் அது வரவில்லை. அடுத்த தடவை கேட்கிறேன்.

இதே கடிதத்தை இரண்டு தடவை எழுதி இரண்டு பேருக்கும் அனுப்புகிறேன். ஒரு வார்த்தை கூடக் குறைய இருக்காது. சந்தேகமாக இருந்தால் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்து, பக்கத்தில் பக்கத்தில் வைத்துச் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

வந்த கடிதங்களை எல்லாம் மகள் எனக்குப் படித்துக் காட்டினாள், தனக்கு வேண்டிய இடத்தை மட்டும். மகன் எனக்கென்று ஒரு வரி எழுதவில்லை. நான்கு மாதமாக இரண்டு பேரும் என்னைப் பற்றித்தான் எழுதிக்கொண்டிருக்கிறீர்கள். அம்மாவை அனுப்பு, அம்மாவை அனுப்ப மாட்டேன். நான் என்ன பார்சலா? துணிக்கடையில் முப்பது வருஷம் நின்றேன். புடவை வாங்க வருகிற எந்த அம்மாளிடமும், உங்களுக்கு எந்த நிறம் வேண்டும் என்று கேட்காமல் நான் ஒரு துணியைக்கூட எடுத்துப் போட்டதில்லை. என் வயிற்றில் பிறந்தவர்களுக்கு அந்த ஒரு கேள்வி வாயில் வரவில்லை. புறநகரா, நடு ஊரா என்று நீங்கள் அடித்துக்கொண்டீர்கள். நான் கேட்டதோ தெருவுக்கு இறங்குகிற வழியை மட்டும்தான்.

அந்தப் படியில் உட்கார்ந்திருந்தபோது எனக்கு அழுகை வரவில்லை. ஆத்திரம்தான் வந்தது. கூப்பிட்டிருந்தால் யாராவது வந்திருப்பார்கள். என்னைத் தூக்கி மறுபடியும் மேலே வைத்துவிடுவார்கள் என்றுதான் கூப்பிடவில்லை.

மகனே, உன் லிஃப்ட் நன்றாக ஓடுகிறது என்று எல்லோரும் சொல்கிறார்கள். ஓடட்டும், மாடியில் இருக்கிறவர்களுக்கு உதவும். நான் அதில் ஏற மாட்டேன். உன் வீட்டுக்கு ஒருநாள் வருவேன், உன் கைப்பிடியைப் பிடித்துப் பார்க்கிறேன், சாயங்காலம் திரும்பிவிடுவேன். உன் பெண்டாட்டி வாரம் முழுக்க இந்தத் தெருவுக்குப் பக்கத்தில்தான் இருக்கிறாள். நேற்று வந்து என்னோடு டீ குடித்துவிட்டுப் போனாள். என்ன பேசினோம் என்று உனக்குச் சொல்ல மாட்டேன். வந்து அவளிடம் கேள்.

மகளே, போன வாரம் வீட்டுக்காரர் இந்த வழியாகப் போனார். தெருவில் நிறுத்திப் பிடித்துக்கொண்டேன். மேல் வீட்டை உன் பெயருக்கு மாற்ற ஒப்புக்கொள்ள வைத்தேன். ஆனால் புது வாடகை. பழைய வாடகைக்காக என்னை மேலே வைத்துப் பூட்ட வேண்டியதில்லை இனி. கட்ட முடிந்தால் இரு, முடியாவிட்டால் வேறு இடம் பார். உனக்கு வேலை இருக்கிறது, இரண்டு முட்டியும் நன்றாக இருக்கிறது. முதலிலேயே என்னிடம் கேட்டிருந்தால் இதை ஜனவரியிலேயே செய்திருப்பேன்.

இந்த அறை எனக்குப் போதும். காலையில் கடை திறக்கிற சத்தத்தில் விழிக்கிறேன். யாராவது சாவியைத் தொலைத்துவிட்டு வருகிறார்கள், எல்லோருக்கும் ஒரு கதை இருக்கிறது.

ஞாயிற்றுக்கிழமை இரண்டு பேரும் வாருங்கள். ஒருவர் வந்து இன்னொருவர் வராவிட்டால், வந்தவரையும் திருப்பி அனுப்பிவிடுவேன். என் கதவு பகலெல்லாம் திறந்துதான் இருக்கும், தட்ட வேண்டாம். உள்ளே வந்த பிறகு அதை யாரும் சாத்தவும் வேண்டாம்.

அம்மா